வீட்டில் ஐந்து வாக்கு: பெண்கள், இளையோர், அரசியல் பற்றித் திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். தேர்தல் காலங்களில் வாக்களிப்பு நிலையங்களிலும் கடமை பார்த்திருக்கிறேன். பெண்களும் இளையவர்களும் அரசியலை எப்படிப் பார்க்கிறார்கள், எங்கே விலகி நிற்கிறார்கள் என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். மூதூர் முதல் நிலாவெளி வரை கேள்விகள் வந்து சேர்ந்தன. கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

உப்புவெளி, வங்கி ஊழியர்: டீச்சர், எங்கள் வீட்டில் ஐந்து வாக்கு. அப்பா காலத்திலிருந்து ஐந்தும் ஒரே சின்னத்துக்குத்தான் விழும். போன முறை யாருக்குப் போட்டோம் என்று சொல்ல மனைவியும் மகளும் மறுத்துவிட்டார்கள். இது எல்லா வீட்டிலும் நடக்கிறதா?

நடக்கிறது தம்பி. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கணவனும் மனைவியும் ஒரே பக்கம் சாய்வது உலகம் முழுவதும் காணப்படுவதுதான். ஒரே வருமானம், ஒரே அயல், ஒரே கவலை என்று வாழ்கிறவர்களுக்கு ஒரே முடிவு வருவது இயல்பு. ஆனால் அந்த ஒற்றுமையில் எவ்வளவு உடன்பாடு, எவ்வளவு பணிவு என்பது வெளியே தெரியாது.

வாக்களிப்பு நிலையத்தில் இதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். பாடசாலை வகுப்பறை. எழுதுநர் வாக்காளரின் தொடரிலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு இழுப்பார்கள். இடது கைச் சின்ன விரலில் மை பூசியதும் வாக்குச்சீட்டோடு அட்டை மறைப்புக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் சில கணவன்மார் மனைவிக்குப் பின்னாலேயே நகர்வார்கள். "அவவுக்கு விளங்காது, நான் காட்டுகிறேன்" என்பார்கள். பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவருக்குத்தான் துணைக்கு ஆள் வர இடமுண்டு, மற்றவர் தனியாகத்தான் போக வேண்டும் என்று நிறுத்துவோம். தனியாகப் போன அந்தப் பெண் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் புள்ளடி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வருவார்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பொதுத் தேர்தலில் ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சி அப்பாவின் தெரிவு, விருப்பு வாக்கு என்னுடையது என்று சமாதானம் செய்துகொண்ட வீடுகள் நிறைய. உங்கள் மகள் அந்த எல்லையையும் தாண்டியிருக்கலாம். கேட்காதீர்கள். இரகசிய வாக்கு என்பது அரசாங்கத்துக்கு மட்டும் இரகசியம் அல்ல, வீட்டுக்காரருக்கும் இரகசியம்தான்.

கிண்ணியா, இல்லத்தரசி: பெண்களுக்கு அரசியல் தெரியாது என்று எங்கள் ஆண்கள் சொல்கிறார்கள். ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன என்று ஒருவர் வாதாடினார். உண்மையா?

பல நாடுகளில் அரசியல் அறிவுக் கேள்விகளுக்கு ஆண்கள் கூடுதலாகப் புள்ளி எடுப்பது உண்மை, சகோதரி. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. விடை தெரியாத இடத்தில் ஆண்கள் ஊகித்து எதையாவது சொல்லிவிடுகிறார்கள். பெண்கள் "தெரியாது" என்று விட்டுவிடுகிறார்கள். ஊகத்தில் சில சரியாகிவிடும். மொண்டாக், ஆண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் அமெரிக்கத் தரவுகளை எடுத்து இந்த ஊகத்தின் பங்கைக் கழித்துப் பார்த்தார்கள். இடைவெளியில் ஏறக்குறைய பாதி மறைந்துவிட்டது.

மிச்சப் பாதிக்கும் காரணம் உண்டு. எதை அறிவு என்று கணக்கெடுக்கிறோம்? அமைச்சரின் பெயர், நாடாளுமன்ற ஆசனக் கணக்கு, இவற்றைக் கேட்டால் தேநீர்க் கடையில் பத்திரிகை வாசிக்கிறவர் வெல்வார். தாய் சேய் நிலையத்துக்கு மருத்துவ மாது எந்த நாளில் வருவார், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கும், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் யாருடைய பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டுப் பாருங்கள். இவை எல்லாம் அரசாங்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய அறிவுதான்.

கோணேசபுரி, பல்கலைக்கழக மாணவன்: அப்பாவுக்குத் தமிழரசுக் கட்சி என்றால் உயிர். நான் 2024இல் தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போட்டேன். துரோகம் என்கிறார். இது வயதுக் கோளாறா, தலைமுறை மாற்றமா?

அருமையான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தம்பி.

இளையவரும் முதியவரும் வேறுபடுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது வயது. குடும்பம், வீடு, கடன் என்று வரும்போது மனிதன் மாறுகிறான். இரண்டாவது தலைமுறை. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. ஏறத்தாழ 17 வயது தொடக்கம் 25 வயது வரை ஒருவர் எதைக் கண்டாரோ அது அவருக்குள் படிந்துவிடுகிறது, பிறகு வருவதையெல்லாம் அதை வைத்தே அளக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. மூன்றாவது காலம். ஒரு நெருக்கடி வந்தால் எல்லா வயதினரையும் ஒரே பக்கம் தள்ளும்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் திருமலை மாநாட்டுக்குப் பல திசைகளிலிருந்தும் கால்நடையாக மக்கள் வந்தார்கள். அன்று 20 வயதில் இருந்தவருக்கு அரசியல் என்றால் மொழியும் சமஷ்டியும். 1977இல் தமிழ்த் தலைவர் சம்பந்தன் ஐயா முதன்முறை இங்கே வென்றபோது வாக்குரிமை பெற்றவர்களுக்கு அரசியல் என்றால் தனிநாட்டுக் கோரிக்கை. ஆறு வருடத்தில் 1983 இனக்கலவரம். 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் இருந்து இடம்பெயர்ந்தபோது வளர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அரசியல் என்றால் முகாமும் காணியும். போர் முடிந்த 2009இல் நீங்கள் சிறுவன். உங்கள் வாலிபத்தில் வந்தவை எரிபொருள் வரிசை, மின்வெட்டு, 2022 மக்கள் எழுச்சி. உங்கள் அப்பாவும் நீங்களும் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதுகிறீர்கள்.

இதில் துரோகம் எங்கே வந்தது? அப்பாவின் கேள்வி தீர்ந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. காணி, மொழி, அதிகாரப் பகிர்வு எதுவும் தீரவில்லை. உங்கள் தலைமுறை அவற்றை மறந்தால் அது இழப்பு என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

ஆனால் ஒரே தேர்தலை வைத்துத் தலைமுறை மாறிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2024 நவம்பரில் நம் மாவட்டத்தின் 4 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசுக் கட்சி 1. நாடு முழுவதும் தேசிய மக்கள் சக்திக்கு 61 சதவீதத்துக்கு மேல். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அது 43 சதவீதத்துக்கு இறங்கியது. ஆறு மாதத்தில் தலைமுறை மாறாது. காலத்தின் அலைதான் பெருமளவு வேலை செய்திருக்கிறது. உங்கள் வயதினர் இன்னும் இரண்டு மூன்று தேர்தல்களில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் தலைமுறை பற்றிப் பேசலாம்.

மூதூர், தாய்: மகள் பிரதேச சபைத் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறாள். குடும்பத்தில் எல்லோரும் எதிர்க்கிறார்கள். "பெண்களுக்கு 25 சதவீதம்" என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

அம்மா, இதைப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். 2018க்கு முன் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் 100 பேரை எடுத்தால் பெண்கள் 2 பேர்கூட இல்லை. 2016, 2017 சட்டத் திருத்தங்களால் 25 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலோடு அந்த எண்ணிக்கை ஒரே பாய்ச்சலில் 20 சதவீதத்தைத் தாண்டியது. இந்த நாட்டில் பெண்களின் ஆர்வம் ஒரே இரவில் பத்து மடங்கு பெருகியதா? இல்லை. கதவு திறந்தது, ஏற்கனவே வெளியில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். "பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று யார் சொன்னாலும் இந்த ஒரு கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

முறை இதுதான். ஒவ்வொரு கட்சியும் இரண்டு பட்டியல் கொடுக்கும். வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடுவோர் பட்டியலில் பெண்கள் குறைந்தது 10 சதவீதம். வட்டாரம் இல்லாமல், கட்சியின் மொத்த வாக்கைப் பொறுத்து உறுப்பினராவோரின் மேலதிகப் பட்டியலில் பாதி. வட்டாரங்களில் பெண்கள் வெல்லாவிட்டால், கட்சிக்குக் கிடைக்கும் ஆசனங்களில் மேலதிகப் பட்டியலிலிருந்து பெண்களை எடுத்து நிரப்ப வேண்டும். ஆனால் 20 சதவீதத்துக்குக் குறைந்த வாக்கோடு மூன்றுக்குக் குறைந்த உறுப்பினர்களைப் பெறும் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ இந்தக் கட்டாயம் இல்லை. சிறிய குழுக்கள் பல போட்டியிடும் நம் பிரதேச சபைகளில் பெண்களின் தொகை 25ஐ எட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆகவே மகளிடம் ஒன்று சொல்லுங்கள். எந்தப் பட்டியலில், எந்த வட்டாரத்தில் என்பதை வேட்புமனுவுக்கு முன்பே தெளிவாகக் கேட்க வேண்டும். பெயரைக் கொடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம் என்பவர்களிடம் கையெழுத்து வைக்கக் கூடாது. கட்சி வெல்ல வாய்ப்பே இல்லாத வட்டாரங்களைப் பெண்களின் தலையில் கட்டுவது வழக்கமாக இருக்கிறது. பட்டியலால் வந்தவர் என்றால் சபையில் இரண்டாந்தரமாக நடத்துகிறவர்களும் உண்டு. "வட்டாரம் என்னுடையது, நீங்கள் ஏன் வீதிவிளக்குப் போடக் கேட்கிறீர்கள்" என்று கேட்பார்கள். சட்டத்தின் முன் இரு வகை உறுப்பினருக்கும் சபையில் ஒரே வாக்குத்தான்.

குடும்பத்தின் எதிர்ப்புக்கு வருகிறேன். பெரும்பாலும் மூன்று பயங்கள். இரவுக் கூட்டங்கள், பணம், பெயர் கெட்டுப்போகும் என்ற அச்சம். முதல் இரண்டையும் திட்டமிட்டால் சமாளிக்கலாம். பகலில் வீடு வீடாகப் போகும் பிரசாரத்தில் பெண்களுக்குத்தான் வசதி அதிகம், எந்த வீட்டிலும் குசினி வரைக்கும் போய்ப் பேச முடியும். மூன்றாவது கொடுமையானது. ஆண் வேட்பாளரை ஊழல்காரர் என்பார்கள், பெண் வேட்பாளரின் நடத்தையைப் பேசுவார்கள், முகநூலில் படத்தை வெட்டி ஒட்டுவார்கள். இதை மகள் தனியாகத் தாங்கக் கூடாது. அப்பாவும் சகோதரனும் பகிரங்கமாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். குடும்பம் பின்வாங்கினால்தான் அந்த ஆயுதம் வேலை செய்யும்.

பெண் உறுப்பினர் வந்தால் என்ன மாறும் என்று கேட்கிறவர்களுக்கு இந்தியாவில் நல்ல சான்று உண்டு. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவருக்கென ஒதுக்கப்பட்ட கிராம சபைகளை மற்றவற்றோடு சட்டோபாத்யாய, டுஃப்லோ என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். எந்தச் சபை ஒதுக்கீட்டுக்குள் வரும் என்பது சுழற்சியில் தீர்மானிக்கப்பட்டதால் ஒப்பீடு நேர்மையானது. பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். இன்னொரு ஆய்வு மேற்கு வங்கத்தில் இரண்டு தவணை பெண் தலைவர்களைக் கண்ட ஊர்களில், மகளைப் பற்றிய பெற்றோரின் கனவு மகனைப் பற்றிய கனவுக்கு நெருங்கி வந்ததைக் காட்டியது. வெருகலிலோ தம்பலகாமத்திலோ குடிநீருக்கும் யானை வேலிக்கும் யார் முதலில் குரல் கொடுப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தம்பலகாமம்: தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அங்கிருந்து வாக்களிக்க வழி உண்டா?

இல்லை. இலங்கைச் சட்டத்தில் வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க இதுவரை ஏற்பாடு இல்லை. தபால் வாக்கு உள்நாட்டில் கடமையிலுள்ள அரச ஊழியர் போன்றவர்களுக்கே. நம் மாவட்டத்தில் குடும்பத்தைச் சுமந்து வளைகுடாவுக்குப் போன பெண்களின் குரல் இதனால் முழுதாக விடுபட்டுப் போகிறது. அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு எதிர்பார்க்கிறது, வாக்கை ஏற்க மறுக்கிறது. எனக்கு இது பொறுக்க முடியாத அநீதி.

நிலாவெளி, இப்போது கட்டுநாயக்கவில்: ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வாக்களிக்க ஊருக்கு வர லீவு தர மறுக்கிறார்கள்.

மறுக்க முடியாது மகள். வாக்களிக்கச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டியது தனியார் நிறுவனங்களின் கடமை. தூரத்தைப் பொறுத்து நாட்கள் கூடும் என்று தேர்தல் ஆணைக்குழு தேர்தல்தோறும் அறிவிக்கிறது. 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். நிலாவெளி 150ஐ எவ்வளவோ தாண்டிய தூரம். எழுத்தில் விண்ணப்பியுங்கள். தோழிகள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

திருகோணமலை நகரம், ஓய்வுபெற்ற அதிகாரி: இன்றைய பிள்ளைகள் கைபேசியில்தான் புரட்சி செய்கிறார்கள். கூட்டத்துக்கு வருவதில்லை, கட்சியில் சேருவதில்லை. இதையும் பங்கேற்பு என்பீர்களா?

ஐயா, 2022 மே 10ஆம் திகதி நினைவிருக்கும். பிரதமர் பதவியிலிருந்து விலகிய மஹிந்த ராஜபக்ஷ நம் கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டார் என்ற செய்தி பரவியதும், அதன் வாசலில் மக்கள் கூடிவிட்டார்கள். யாரும் துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை, ஒலிபெருக்கி கட்டவில்லை. நீங்கள் சொல்லும் அந்தக் கைபேசிதான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

கட்சியில் சேராததற்கு அவர்களை மட்டும் குறை சொல்லலாமா? நம் கட்சிகளின் மேடைகளில் முன்வரிசையைப் பாருங்கள். 70 வயதுக்காரர் இருக்கும் நாற்காலிக்கு 60 வயதுக்காரர் காத்திருக்கிறார். 25 வயதுக்காரர் பந்தலுக்குக் கம்பு நடுகிறார். இளைஞர் அமைதியின்மையை ஆராய்ந்த இளைஞர் ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1990இல் உள்ளூராட்சி வேட்புமனுக்களில் 35 வயதுக்குட்பட்டோருக்கு 40 சதவீதம் என்று சட்டம் வந்தது, பிறகு அதைக் கைவிட்டார்கள். 2023இல் 25 சதவீதமாக மீண்டும் வந்தது. 2025 தேர்தலில் எத்தனையோ வேட்புமனுக்கள் இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ் ஒழுங்கில்லை என்று நிராகரிக்கப்பட்டு நீதிமன்றம் வரை போயின. கடைசி நேரத்தில் எண்ணிக்கைக்காகப் பிள்ளைகளைப் பிடித்தால் அப்படித்தான் முடியும்.

உங்கள் கவலையில் ஒரு பகுதி சரி. கோபம் ஒரு நாளில் கூடும். பாதீட்டுக் கூட்டத்துக்குப் பொறுமை வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க உங்களைப் போன்ற அனுபவசாலிகள் வேண்டும், கண்டிக்க அல்ல.

செல்வநாயகபுரம், ஆசிரியை: பெண்கள் இயல்பாகவே முற்போக்கானவர்கள், இளம் பெண்கள் இன்னும் அதிகம் என்று வாசித்தேன். நம் நாட்டுக்கும் பொருந்துமா?

இயல்பு என்று ஒன்றும் இல்லை. மேற்கு நாடுகளில் 1950களில் பெண்கள்தான் பழமைவாதக் கட்சிகளுக்குக் கூடுதலாக வாக்களித்தார்கள். பெண்கள் வேலைக்குப் போக, கல்வி பெற, தேவாலயத்தின் பிடி தளர, அது தலைகீழானது. அமெரிக்காவில் 1980இலிருந்து பெண்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்கிறார்கள். தென்கொரியாவில் 2022 ஜனாதிபதித் தேர்தலில் இருபதுகளில் உள்ள ஆண்களில் பெரும்பான்மை ஒரு வேட்பாளருக்கும், அதே வயதுப் பெண்களில் பெரும்பான்மை எதிர் வேட்பாளருக்கும் போட்டார்கள். ஒரே தலைமுறை, ஒரே பள்ளி, இரண்டு நாடு என்பதுபோல.

இங்கே இனம் எல்லாவற்றையும் முந்திக்கொள்கிறது. சேருவிலவிலும் மூதூரிலும் நுண்கடன் கட்ட முடியாமல் தவிக்கும் பெண்களுக்குக் கவலை ஒன்றுதான். தேர்தல் வந்தால் சிங்களப் பெண், முஸ்லிம் பெண், தமிழ்ப் பெண் என்று பிரிந்துவிடுகிறார்கள்.

சம்பூர், இளம் பெண்: எங்கள் பக்கத்தில் வீடு, வளவு எல்லாம் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகிறது. பிறகு ஏன் பொதுவெளியில் பெண்ணுக்கு இடமில்லை?

கிழக்கின் இந்த முரணை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், மகள். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது. சொத்து இருந்தால் அதிகாரம் வரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் வளவின் வேலிக்கு வெளியே முடிவெடுக்கும் சபைகளைப் பாருங்கள். கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மீனவர் சங்கம், விவசாய சம்மேளனம் எல்லாம் ஆண்கள் கையில். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் வறுமை ஒழிப்புக்கான சமுர்த்திச் சங்கமும் பெண்களுக்கு. முதல் வரிசையிலிருந்துதான் கட்சிகள் வேட்பாளர்களைத் தேடுகின்றன. இரண்டாவது வரிசையில் கணக்கெழுதி, கூட்டம் நடத்தி, அரச அலுவலகத்தோடு வாதாடிப் பழகிய பெண்களை அவர்கள் பார்ப்பதே இல்லை.

பார்த்த காலத்திலும் எப்படிப் பார்த்தார்கள்? இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் 1971இல்தான். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. கணவர் கொல்லப்பட்ட பிறகு வந்தவர். யாழ்ப்பாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த விஜயகலா மகேஸ்வரனும் அப்படியே. 1980இல் பொத்துவிலுக்கு நியமனமான ரங்கநாயகி பத்மநாதன், இறந்த சகோதரரின் இடத்துக்கு வந்தார். துக்க வீட்டின் வாசலால்தான் பெண் அரசியலுக்குள் வரலாம் என்பது எழுதாத விதியாகவே இருந்தது. 2024இல் நாடாளுமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக 20 பேரைத் தாண்டினார்கள். அவர்களில் மாத்தறை, பதுளை, நுவரெலியா மக்கள் தெரிவுசெய்த தமிழ்ப் பெண்களும் உண்டு. வடக்கு கிழக்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்கூட இல்லை. நம் கட்சிகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மட்டிக்களி: காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வருடக்கணக்கில் வீதியில் நிற்கிறார்கள். "எங்களுக்கு அரசியல் இல்லை" என்றும் சொல்கிறார்கள். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நம் நகரத்திலும் நடந்துவரும் இந்தப் போராட்டம், போருக்குப் பிந்தைய தமிழ் அரசியலில் மிக நீண்ட பங்கேற்பு. ஆண்கள் நின்றிருந்தால் புலி என்ற முத்திரை உடனே விழுந்திருக்கும். தாய் என்ற நிலை ஓரளவு கவசமாக இருந்தது. அதே கவசம் அவர்களைக் கட்டியும் போட்டது. ஊடகங்கள் கண்ணீரைப் படம் பிடிக்கின்றன. அந்த அம்மாக்கள் முன்வைத்த சர்வதேச விசாரணை என்ற கோரிக்கையை, உள்நாட்டு அலுவலகங்களை ஏன் நம்பவில்லை என்ற விளக்கத்தை, யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அடுத்த வரிசையில் நிற்பவர்கள் மகள்மாரும் பேரப்பிள்ளைகளும். பயங்கரமான ஒரு வாரிசுரிமை.

அன்புவழிபுரம், தந்தை: மகனை அரசியல் பக்கமே போகவிட மாட்டேன். என்னைக் கோழை என்று நினைக்கிறான்.

உங்களைக் கோழை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அண்ணா. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். மாலையில் கடற்கரையில் கூடியிருந்த பிள்ளைகள். 2019இல் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். இந்த ஊரில் பிள்ளை வளர்த்த யாருக்கும் உங்கள் பயம் விளங்கும்.

ஆனால் மகனுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கிறீர்களா? அமெரிக்காவில் மாணவர்களையும் பெற்றோரையும் சேர்த்து ஜென்னிங்ஸும் நீமியும் 1965இல் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சி, அரசியல் பேசப்படும் வீடுகளில் பெற்றோரின் பார்வை பிள்ளைக்குக் கூடுதலாகப் போகிறது என்று காட்டியது. பேசாத வீட்டுப் பிள்ளை அதை வெளியே, முன்பின் தெரியாதவரிடம் கற்றுக்கொள்ளும். போகாதே என்று மட்டும் சொன்னால் அவனுக்குத் தடை மட்டும்தான் தெரியும். அன்று என்ன நடந்தது, நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன பயந்தீர்கள் என்று சொல்லுங்கள். அதன் பிறகு அவன் என்ன முடிவெடுத்தாலும் உங்களை அறிந்தவனாக எடுப்பான்.

பாலையூற்று, மாணவி: எனக்கு 18 ஆகப் போகிறது. பெயர் பதிவது எப்படி? அப்பாதான் படிவம் நிரப்புவார்.

வாக்காளர் பதிவுப் படிவம் கிராம உத்தியோகத்தரிடமிருந்து கிடைக்கும். பிரதம குடியிருப்பாளர் நிரப்பிக் கையெழுத்திடுவார். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, அம்மாவாகவும் இருக்கலாம். உங்கள் பெயர், அடையாள அட்டை எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கையளிக்கும் முன் நீங்களே பாருங்கள். வருடத்தின் நடுவில் 18 நிரம்புகிறவர்களையும் துணைப் பட்டியலில் சேர்க்க 2021 திருத்தம் வழி செய்திருக்கிறது. ஆகவே அடுத்த வருடம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில் பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலோ போய்ப் பெயரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே உரிமைக் கோரிக்கைப் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுக்கலாம். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்க முடியும்.